நேரே வீட்டுக்குப் போகாதவள்

சாவு வீட்டுக்குப் போய்விட்டு நேரே நம் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. வழியில் எங்காவது இறங்கி, ஒரு காபியோ பன்னோ வாங்கித் தின்று, செத்தவரை அங்கேயே உதறிவிட்டுத்தான் வாசலை மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் கூடவே வந்துவிடுவார். எங்கள் பனாய் தீவில் இதை நம்பாதவர்கள்கூடச் செய்வார்கள். எங்கள் பாதிரியார் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பிரசங்கத்தில் திட்டுவார். ஆனால் ஒவ்வொரு அடக்கத்துக்குப் பிறகும் சேவல் சண்டைக் கொட்டகையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் அவரும் வீட்டுக்குப் போவார். உதறுவதற்கா, பந்தயத்துக்கா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

டெல்மா கும்பானின் சந்தேகம் வேறு. சாவு தொலைபேசி வழியாக வந்தால் என்ன செய்வது?

அவள் எங்கள் நகராட்சியின் அவசர அழைப்பு அறையில் தொலைபேசி எடுப்பவள். ஊர் சாண்டா லூஸ், கடலோரம். நான் அவளுக்குப் பக்கத்து நாற்காலி. அவள் அழைப்பை எடுப்பாள், கேள்வி கேட்பாள், எவ்வளவு அவசரம் என்று முடிவு செய்வாள். நான் வயர்லெஸ்ஸில் வண்டியை அனுப்புவேன். என் பெயர் ரெனாத்தோ. அவளுக்கு நான் 'டோட்டோ', அதாவது தம்பி. எனக்கும் ஊரில் பாதிப் பேருக்கும் அவள் 'மனாங்', அக்கா. அண்ணன் என்றால் 'மனோங்'. அழைப்பு அவள் காதில் விழும்போது என் காதிலும் விழும். கம்பியை அப்படித்தான் இழுத்திருந்தார்கள். அதனால் அவள் கேட்ட சாவையெல்லாம் நானும் கேட்டேன். என்ன, நான் அதற்குப் பதில் பேச வேண்டியதில்லை.

எங்கள் வேலையைப் பற்றி ஊருக்கு ஒரு தப்பான எண்ணம் உண்டு. யார் அதிகம் அழுகிறார்களோ அவர்களுக்கு முதலில் வண்டி வரும் என்று. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது எங்கள் அறையில் செல்லாது. ஒருமுறை ஒரு பெண்மணி, புருஷன் தொண்டையில் மீன் முள் சிக்கிச் சாகிறான் என்று காது கிழிய அலறினாள்.

"பின்னாடி கத்தறது யாரு?" என்றாள் டெல்மா.

"அவருதான்! அவரேதான்!"

"கத்தறார்னா மூச்சு இருக்கு. வண்டி பிடிச்சு நீங்களே கூட்டிட்டு வாங்க."

எங்கள் ஜனங்கள் இயல்பிலேயே மெல்லப் பேசுகிறவர்கள். சண்டை போட்டாலும் தாலாட்டு மாதிரி இருக்கும். அதனால் நாங்கள் பயப்பட வேண்டியது மன்னிப்புக் கேட்டு ஆரம்பிக்கிறவர்களைக் கண்டுதான். "தொந்தரவுக்கு மன்னிக்கணும் மனாங், அவசரமில்ல, என் புருஷன் கொஞ்சம் நீலமா இருக்கார்" என்று ஒருத்தி சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

ஆகவே குரலை நம்பக் கூடாது. கேள்வியைத்தான் நம்ப வேண்டும். முதலில் இடம், ஏனென்றால் லைன் அறுந்துபோனால் இடமாவது கையில் இருக்கும். பிறகு நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா, நிறம் எப்படி, வேர்வை எப்படி. பெயர் கடைசியில். பெயரால் பெரிய பிரயோஜனமும் கிடையாது. எங்களை ஆண்ட ஸ்பானியக்காரன் குடும்பப் பெயர்களை ஊருக்கு ஒரு முதலெழுத்து என்று பங்கு போட்டுக் கொடுத்துவிட்டுப் போனதில் எங்கள் ஊர் முழுக்க கும்பான், கசதாயா, காரிபாய், கலான். பேரை வைத்து வீட்டைத் தேடினால் விடிந்துவிடும்.

பதில்களைக் கேட்டபின் ஒரு நிறம். சிவப்பு என்றால் இந்த நொடியே. மஞ்சள் என்றால் போக வேண்டும், ஆனால் நடுவில் சிவப்பு வந்தால் மஞ்சள் காத்திருக்கும். பச்சை என்றால் நீங்களே வாருங்கள். நிறத்தைச் சொல்ல டெல்மாவுக்கு ஒரு வாய்ச் சோறு விழுங்குகிற நேரம்கூடத் தேவைப்படாது. உண்மையாகவே சோறு தின்றுகொண்டுதான் சொல்வாள்.

ஆரம்பத்தில் அவள் அப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு மீனவனின் மனைவி, புருஷன் மூச்சு நின்றுபோவதை லைனிலேயே வைத்துக்கொண்டு கதறினாள். டெல்மா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மேசையில் தலை சாய்த்து அழுதாள். அன்று நேரே வீட்டுக்குப் போனாள். அப்போது அவள் வயிற்றில் ஐந்து மாதம். அந்த வாரமே அது தங்காமல் போய்விட்டது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். இருக்காது என்று அவளும் சொல்வாள். ஆனால் அதற்குப் பிறகு, லைனில் யாராவது செத்த நாளில் அவள் நேரே வீட்டுக்குப் போனதே இல்லை. பிள்ளையும் பிறகு உண்டாகவில்லை. புருஷன் கப்பலில் இருக்கிறான், பாதி உலகம் தாண்டி. அந்த வீட்டில் அவள் காப்பாற்றுவதற்கு வேறு ஆளே இல்லை. இருந்தும் வாசலைக் காவல் காத்துக்கொண்டே இருந்தாள்.

அழுகை எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் பார்த்தபோது இல்லை. அவள் அம்மா இறந்த செய்தியைப் பக்கத்து வீட்டுக்காரர் இதே எண்ணுக்கு அழைத்துத்தான் சொன்னார். "மூச்சு இருக்கா? உதடு என்ன நிறம்? எவ்வளவு நேரமா?" என்று வரிசையாகக் கேட்டாள். கேட்டு முடித்து, "சரி, வரேன்" என்று வைத்தாள். மாற்று ஆள் வரும்வரை அடுத்தடுத்த அழைப்புகளை எடுத்தாள். துக்க வீட்டில் சொந்தக்காரர்கள் கல் நெஞ்சுக்காரி என்றார்கள். நானே ஒருமுறை எரிச்சலில் சொன்னேன்.

"என்ன மனாங் இது, இடிச்ச புளி மாதிரி உக்காந்திருக்க. உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"தோணும்னுதான் காத்துட்டு இருக்கேன் டோட்டோ. உனக்குத் தோணுதா?"

"எனக்குக் கோபம் வருது."

"அது நல்லது. விட்டுடாத," என்றாள். பிறகு வாழைப்பழத்தை உரித்தாள்.

அவள் இறங்கும் இடம் சந்தைக்கு எதிரே உள்ள லூர்டிங்கின் ரொட்டிக் கடை. காலை முறை முடிந்ததும் என் பைக்கில்தான் வருவாள். சாவு இல்லாத நாளில் "நேரா விடு" என்பாள். இருந்த நாளில் ஒன்றும் சொல்ல மாட்டாள், நானே கடை முன் நிறுத்துவேன். நான் வெளியே பைக்கிலேயே உட்கார்ந்திருப்பேன். அவள் உள்ளே போய்க் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, தேங்காய்ப் பூரணம் வைத்த பன் ஒன்று தின்பாள். சூடாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

கடையில் நின்ற பெண் ஜோவெலின். லின் என்று கூப்பிடுவோம். கல்லூரியைப் பாதியில் விட்டவள், வாய் ஓயாதவள். டெல்மா என்ன வேலை செய்கிறாள், எந்த நாளில் வருகிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் யார் செத்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. பன்னைக் கையில் கொடுத்துவிட்டுத் தன் பாட்டுக்குப் பேசுவாள். நாய் செருப்பைத் தின்ற கதை, அவளுக்குப் பிடித்த கூடைப்பந்து வீரன் காலை ஒடித்துக்கொண்டது, லூர்டிங்கின் கஞ்சத்தனம். பெரும்பாலும் அவள் அப்பாவைப் பற்றி. அவர் வலை பின்னுபவர், ஆஸ்பத்திரி என்றால் எட்டடி தள்ளி நிற்பவர்.

"பல்லு வலிக்குதுன்னா கிராம்பாம், கால் வலிக்குதுன்னா தைலமாம். எங்க அப்பாவுக்கு இந்த ரெண்டுக்கு நடுவுல இருக்கற வியாதியே வரக்கூடாது மனாங்," என்பாள்.

டெல்மா சிரிக்க மாட்டாள். ஆனால் கேட்பாள். நாள் முழுக்க மனிதர்களின் பேச்சை வெட்டி வெட்டிப் பதில் பிடுங்குகிறவள், கேள்வியே கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரே குரல் அந்தப் பெண்ணுடையதுதான். வெளியே வரும்போது அவள் தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்தக் கடை இல்லையென்றால் அவள் என்றோ அந்த நாற்காலியை விட்டு எழுந்து போயிருப்பாள். இதை அவளே சொல்லியிருக்கிறாள்.

இனி அந்த நாள்.

எங்களிடம் இரண்டு ஆம்புலன்ஸ். அதில் ஒன்று பெயின்ட் கடையில் இருந்தது. எதற்கு என்று கேட்காதீர்கள். கேளுங்கள், சொல்கிறேன். தேர்தலில் நகரத் தலைவர் மாறிவிட்டார். வண்டியின் பக்கவாட்டில் பழையவரின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அதை அழித்துப் புதியவரின் முகத்தைச் சிரிக்க வைக்க வேண்டுமாம். நோயாளிக்கு வண்டிக்குள் என்ன இருக்கிறது என்பது முக்கியம். இவர்களுக்கு வெளியே யார் இருக்கிறார் என்பது முக்கியம். இதைச் சொன்னால் எனக்குத்தான் வாய்த்துடுக்கு என்று பெயர்.

மதியச் சாப்பாட்டு நேரம். மழை விட்டிருந்தது. தொலைபேசி அடித்தது.

"அவசர அழைப்பு. எந்த இடம்?"

"பாய்பாய்… கூடைப்பந்து மைதானத்துக்குப் பின்னால. வலை காயப் போட்டிருக்கற வீடு." பெண் குரல். மூச்சு வாங்கியது.

"என்ன ஆச்சு?"

"அப்பாவுக்கு வாயு பிடிச்சிருக்கு. மனாங், நான்தான்… நான்…"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு இன்டாய். முழிச்சிருக்காரா?"

வயதில் சின்ன எந்தப் பெண்ணுக்கும் நாங்கள் சொல்வது இன்டாய்.

"முழிச்சிருக்கார்."

"பேசறாரா?"

"பேசறார். உங்களத் தொந்தரவு பண்ண வேண்டாங்கறார்."

"மூச்சு விட சிரமப்படறாரா?"

"இல்ல. முதுகுல குத்துதாம். நெஞ்சுல கொஞ்சம் அழுத்தமாம்."

எங்கள் ஊரில் நெஞ்சு வலி என்று ஒன்று கிடையாது. நெஞ்சில் வந்தாலும் வாயு, முதுகில் வந்தாலும் வாயு, செத்துப்போனாலும் வாயு நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்பார்கள். டெல்மாவுக்கு இது தெரியும். அதனால்தான் அந்தச் சொல் காதில் விழுந்தால் விடாமல் அடுத்த கேள்வியைக் கேட்பாள். சாதாரண வாயுவையும் மாரடைப்பையும் பிரிக்கிற கேள்வி அது.

"வேர்த்திருக்கா? தோலத் தொட்டுப் பாரு. ஈரமா, சில்லுனு இருக்கா?"

துணி விலகும் சத்தம் கேட்டது.

"ஈரமாத்தான் இருக்கு. ஆனா நான் தைலம் தேய்ச்சிருக்கேன். கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும். தைலமா வேர்வையான்னு தெரியல."

"சில்லுனு இருக்கா?"

"தைலம் சில்லுனுதானே இருக்கும்?"

இந்தத் தீவில் மனிதனுக்கு எது வந்தாலும் முதலில் வருவது தைலம். கேள்வி எழுதிய டாக்டர்கள் தைலம் தேய்க்காத தேசத்தில் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள். டெல்மா நெற்றியைச் சுருக்கினாள். முழித்திருக்கிறார், பேசுகிறார், மூச்சு சரி. வேர்வை தெரியாது. என்னைப் பார்த்து மஞ்சள் என்று விரல் காட்டினாள். நானாக இருந்தாலும் அதைத்தான் காட்டியிருப்பேன்.

"அவர நடக்க விடாத. சாய்ச்சு உக்கார வை. வண்டி வருது."

"சரி மனாங்," என்றது குரல். அதில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு அது அப்போதே காதில் பட்டது. யாரும் எங்களிடம் நிம்மதியாகப் பேசுவதில்லை.

நான் ஓட்டுநர் எட்காரை அனுப்பினேன். அவன் பாய்பாய்ப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போதே அடுத்த அழைப்பு வந்தது. ஓர் ஆண், மிக மெதுவாகப் பேசினான்.

"மன்னிக்கணும். மீன் குளத்துல குழந்தை விழுந்துடுச்சு. எடுத்துட்டோம்."

"எந்தக் குளம்?"

"தெற்குக் குளம். தேவாலயத்துக்குக் கீழ."

"மூச்சு இருக்கா?"

"இல்லைங்க."

டெல்மா அவனுக்கு முதலுதவி சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பி, ஆள்காட்டி விரலை ஒரு வட்டம் சுற்றிக் காட்டினாள். திருப்பு என்று அர்த்தம். முகத்தில் ஒன்றும் இல்லை.

"எட், வண்டியத் திருப்பு. தெற்குக் குளம். சிவப்பு," என்றேன்.

"மனோங், நான் கூடைப்பந்து மைதானத்துக்கே வந்துட்டேன். அந்தா வலை தெரியுது."

"திருப்புடா."

திருப்பினான். சைரன் தேய்ந்து போனது வயர்லெஸ்ஸில் எனக்கே கேட்டது.

குளத்து அழைப்பை முடித்ததும் டெல்மா பாய்பாய் எண்ணைத் திரும்ப அழைத்தாள். அதுவும் விதிதான். வண்டி வராது என்றால் சொல்லிவிட வேண்டும்.

"வண்டி தாமதமாகும் இன்டாய். பக்கத்துல மூணு சக்கர வண்டி இருக்கா? அதுல ஏத்திக் கொண்டு வா."

"இருந்துச்சு மனாங். நான் வேண்டாம்னு அனுப்பிட்டேனே."

"ஏன் அனுப்பின?"

பதிலுக்கு "அப்பா! அப்பா!" என்ற கூச்சல்தான் வந்தது. பிறகு ஏதோ பாத்திரம் உருண்டது. டெல்மாவின் குரல் மாறவே இல்லை.

"தரையில படுக்க வை. போன ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வை. நெஞ்சு நடுவுல ரெண்டு கையும் வை. என்கூட எண்ணு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு…"

அந்தப் பெண் எண்ணினாள். டெல்மா எண்ணினாள். நானும் உதட்டுக்குள் எண்ணியிருக்கிறேன், பிறகுதான் கவனித்தேன். ரொம்ப நேரம் போனது. நடுவில் அந்தப் பெண், "கை வழுக்குது மனாங், தைலம்," என்றாள். "துணியால துடை. நிறுத்தாத," என்றாள் டெல்மா. மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஒரு வண்டியைப் பிடித்து வந்தார்கள். சத்தத்தோடு லைன் போய்விட்டது. பெயர் கேட்கும் இடத்துக்கு நாங்கள் வரவே இல்லை.

குழந்தை பிழைத்தது. பாய்பாய்க்காரர் ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது உயிர் இல்லை.

அன்று ரொட்டிக் கடை முன் பைக்கை நிறுத்தினேன். டெல்மா சீக்கிரமே வெளியே வந்துவிட்டாள். "லின் இல்ல. பன்னும் ஆறிப்போச்சு," என்றாள். இரண்டு நாள் கழித்து இன்னொரு சாவுக்கு நின்றபோது, பைக்கில் ஏறிக்கொண்டே, "லின்னோட அப்பா போயிட்டாராம்," என்றாள். மழை பெய்தது என்று சொல்வது மாதிரி சொன்னாள். எப்படி என்று அவள் லூர்டிங்கிடம் கேட்கவில்லை. எந்தத் தெரு என்று நானும் கேட்கவில்லை. ஊரில் தினம் யாருடைய அப்பாவாவது போய்க்கொண்டுதான் இருக்கிறார். வலை பின்னுகிற அப்பா, வலை காயப் போட்ட வீடு, தைலம். ஒரு முட்டாளுக்குக்கூட முடிச்சு விழுந்திருக்கும். நாள் முழுக்க முடிச்சுப் போடுவதையே தொழிலாக வைத்திருந்த எங்கள் இருவருக்கும் விழவில்லை.

அழைப்புகளைச் சரிபார்க்கும் டாக்டர் அடுத்த வாரம் வந்தார். இரண்டு ஒலிப்பதிவுகளையும் கேட்டார். "சரியான முடிவு," என்று டெல்மாவைப் பாராட்டிவிட்டுப் போனார். சரியான முடிவுதான். எனக்கு அதில்தான் எரிச்சல். யாராவது தப்புச் செய்திருந்தால் பிடித்துத் திட்டவாவது செய்யலாம். பெயின்ட் கடையைத் திட்டினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள்.

ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்து லின் கடைக்குத் திரும்பிய தினம் நல்ல மழை. காலையில் ஒரு பிரசவ அழைப்பு, தாய் தங்கவில்லை. பைக்கில் உட்கார முடியாத மழையாக இருந்ததால் நானும் உள்ளே போனேன். லின்னின் சட்டையில் கறுப்புத் துணி குத்தியிருந்தது. இளைத்திருந்தாள். டெல்மாவைப் பார்த்ததும் ஒரு பன்னை எடுத்தாள், சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக் கையில் கொடுத்தாள்.

"கேள்விப்பட்டேன் இன்டாய்," என்றாள் டெல்மா.

"என்ன மனாங், கேள்விப்பட்டேங்கறீங்க? நீங்கதானே கூட இருந்தீங்க."

டெல்மா பன்னைப் பிடித்தபடி நின்றாள்.

"போன எடுத்ததும் உங்க குரல். அப்பாடா, நம்ம மனாங்னு பாதி உயிர் வந்துச்சு எனக்கு. நான்தான் லின்னு சொல்ல வந்தேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னீங்க. சரி, வேலை நேரம், நம்மள அடையாளம் தெரிஞ்சுதான் இப்படிப் பேசறாங்கன்னு நெனச்சேன்."

"தெரியல," என்றாள் டெல்மா.

லின் தலையாட்டினாள். அது அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது என்று எனக்குப் புரிந்தது. கண்ணாடிப் பெட்டியின் மேல் விழுந்திருந்த மாவைக் கையால் வழித்துக்கொண்டே பேசினாள்.

"பக்கத்து வீட்டு மனோங் வண்டிய எடுத்துட்டு வாசலுக்கே வந்துட்டார். அப்பாவும் எந்திரிச்சார். நான்தான் வேண்டாம்னேன். என் மனாங் பேசியிருக்காங்க, நமக்கு உடனே வண்டி அனுப்புவாங்க, குலுக்காம படுத்துட்டே போகலாம்னு சொன்னேன். அப்பா ஆஸ்பத்திரிக்கு ஒத்துக்கிட்டதே அதனாலதான். உன் பன் மனாங்கா, சரி அப்ப போலாம்னார்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே போகலாம் என்றால் மழை.

"சைரன் மைதானம் வரைக்கும் வந்துச்சு," என்றாள் லின். "நான் ரோட்டுல நின்னு கையக் காட்டினேன். அப்புறம் திரும்பிப் போயிடுச்சு. அது எங்க போச்சு மனாங்?"

இதைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. ஒருவரின் வண்டி இன்னொருவருக்குப் போனது என்று வெளியே சொன்னால் ஊரில் வெட்டுக்குத்து ஆகும். 'தெரியாது', 'மேலிடத்தில் கேள்' என்று சொல்ல எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். லூர்டிங் கல்லாவில் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் டெல்மாவின் கையைத் தொட்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"மீன் குளத்துல ஒரு குழந்தை விழுந்துடுச்சு. மூச்சு இல்ல. உன் அப்பா பேசிட்டு இருந்தார். அதனால திருப்பினேன்," என்றாள்.

"நீங்களா?"

"நான்தான்."

"குழந்தை பிழைச்சுதா?"

"பிழைச்சுது."

"பேரு என்ன?"

"தெரியாது. பேர் கடைசியாத்தான் கேப்போம்."

லின் கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டாள். அடுப்புப் பக்கம் தட்டு மாற்றும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள்.

"நான்தான்னு தெரிஞ்சிருந்தா?"

நான் டெல்மாவுக்காக ஒரு பொய் தயார் செய்து வைத்திருந்தேன். ஆயிரம் பொய் சொல்லலாம் அந்த இடத்தில், எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

"தெரிஞ்சிருந்தா போன இவன்கிட்ட குடுத்திருப்பேன். இவன் திருப்பியிருப்பான்," என்றாள் டெல்மா. கொஞ்சம் நிறுத்தினாள். "இல்ல. நானே திருப்பியிருப்பேன்."

லின்னின் கண்ணில் நீர் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை. எனக்கும் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். டெல்மாவுக்கு வரவில்லை. அவள் முகம் அழைப்பு அறையில் இருப்பது போலவே இருந்தது. ஆனால் கையிலிருந்த பன் நசுங்கிப் பூரணம் விரலிடுக்கில் வந்திருந்தது, அது அவளுக்குத் தெரியவில்லை.

"அப்பா பேரு செவேரோ," என்றாள் லின். "செவேரோ கசதாயா."

"செவேரோ கசதாயா," என்று டெல்மா திரும்பச் சொன்னாள்.

லின் அவள் கையிலிருந்து நசுங்கியதை வாங்கிக் குப்பையில் போட்டாள். ஈரத்துணியால் விரல்களைத் துடைத்துவிட்டாள். வேறொரு பன்னை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

"சூடு. பாத்துப் பிடிங்க," என்றாள். அவ்வளவுதான். இன்னொரு வாடிக்கையாளர் வந்தார், அவரிடம் போய்விட்டாள்.

மழை கொஞ்சம் விட்டதும் கிளம்பினோம். தெருமுனையில் எனக்குத்தான் திடீரென்று உறைத்தது. காலையில் செத்துப்போன பிரசவக்காரியை உதறத்தான் அந்தக் கடைக்குப் போனோம். உதறினோமா இல்லையா என்றே தெரியவில்லை. செவேரோவை எங்கே உதறுவது என்பதும் தெரியவில்லை. பைக்கை நிறுத்தினேன்.

"மனாங், வேற எங்கயாவது நிக்கலாமா? சந்தைக்குள்ள காபிக் கடை இருக்கு. தேவாலயம் இருக்கு."

"வேண்டாம்."

"இன்னிக்கு ரெண்டு பேர் மனாங்."

"நேரா வீட்டுக்குப் போ டோட்டோ." என் முதுகுக்குப் பின்னால் காகிதம் பிரிக்கும் சத்தம் கேட்டது. "இத்தனை வருஷமா எல்லாரையும் கொண்டுபோய் அந்தப் பொண்ணு வாசல்லதான் இறக்கி விட்டுருக்கேன். போதும். வர்றவங்க வரட்டும்."

வீட்டு முன் இறக்கிவிட்டேன். வழக்கமாக உள்ளே போனதும் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்ட பிறகுதான் நான் கிளம்புவேன். அன்றும் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. கதவைச் சாத்தாமலே உள்ளே போய், விளக்கைப் போட்டு, மேசைக்கு முன் இருந்த மற்ற நாற்காலிகளையும் இழுத்துப் போட்டுவிட்டு, அவள் உட்கார்ந்து பன்னைத் தின்ன ஆரம்பித்தாள்.